ட்ரெய்லர் பெட்டிக்கு வயர் இழுத்தவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

கல்லடியான்

இரண்டு மாதமாகிறது, இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. டபுள் கெப்புக்குப் பின்னால் படகு ட்ரெய்லர். ஏழு பின் ப்ளக், எல்லாம் புதிதாகப் போட்டது. இருட்டிய பிறகு கல்லடிப் பாலம் தாண்டி வாவிப் பக்கம், வலது கைக்குத் திரும்புகிறேன். சிக்னல் போட்டாயிற்று, கால் பிரேக்கில். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பையன் வலப்பக்கமாகவே ஏறி வந்துவிட்டான். அவன் ஹெல்மெட்டுக்கும் என் கதவுக்கும் ஒரு சாண். கால் ஊன்றி நின்று ஏசினான்: "அண்ணன், இரண்டு பக்கமும் மினுங்குகிறது! ஓரமாக நிறுத்தப்போகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்."

இறங்கிப் பார்த்தேன். மருமகன் பிரேக்கை மிதிக்க, எல்லாப் பல்பும் மின்மினி போல அரை உயிரில். வலது சிக்னலைப் போட்டால் இடதும் பிரேக் லைட்டும் கூடவே துடிக்கின்றன. எர்த் இல்லை. ட்ரெய்லரை மாட்டும் கொக்கிப் பந்தில் பூசிய கிரீஸைத் தாண்டித்தான் கரண்ட் திரும்பி வர வேண்டியிருந்தது.

வயரிங் செய்த பாஸ் அன்றே கேட்டார்: "தம்பி, எர்த்துக்குத் தனி வயர் போடவா? பந்து வழியாகவும் வரும், ஆனால் நம்ப முடியாது." வேண்டாம் என்றது நான்தான். மிச்சம் பிடித்தது பத்து மீற்றர் வயர்கூட இல்லை.

அக்கரைப்பற்றுக் கட்டிடக்காரன்

என்னுடையது சிரிப்புக் கதை. மாமி மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் ட்ரெய்லருக்கு மின்காந்த பிரேக். அதற்குக் கரண்ட் கொடுக்கும் கண்ட்ரோலரை நானே டேஷ்போர்டுக்குக் கீழே பூட்டினேன். நேரக் கணக்கு வகை. பெடலில் கால் பட்டதும் அது பாட்டுக்கு மின்னழுத்தத்தை ஏற்றத் தொடங்கும்; மெல்லத் தொட்டீர்களா, ஓங்கி மிதித்தீர்களா என்று அதற்குத் தெரியாது. ஒலுவில் பக்கம் வெறும் சாலையில் ஓட்டிப் பார்த்து, கெயினை, அதாவது பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை, தாராளமாக ஏற்றி வைத்துவிட்டேன்.

பெருநாளுக்கு முதல் நாள், கல்முனை பஜாருக்குள் ஊர்ந்து போகிறோம். மாமியின் மடியில் வட்டிலப்பம். தொட்ட போதெல்லாம் ட்ரெய்லர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது இழுப்பில் தட்டு எழும்பி நேரே கண்ட்ரோலர் மீது கவிழ்ந்தது. மாமி கேட்டது ஒன்றுதான்: "மருமகன், வாகனத்துக்கு விக்கலா?"

கெயின் திருகியில் இன்றைக்கும் ஏலக்காய் வாசம். பிறகு, வண்டி எவ்வளவு வேகமாக மந்தமாகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப பிரேக் கொடுக்கும் வகைக்கு மாறிவிட்டேன். நேர வகையை யாரும் வாங்காதீர்கள்.

செங்கலடி, ஓய்வில்

தம்பிமார் இருவருக்கும். கருவியைக் குறை சொல்ல வேண்டாம். நேர வகையும் ஒழுங்காக வேலை செய்யும், கெயினை ஒழுங்காக வைத்தால். வெறும் ட்ரெய்லரில் வைக்கும் கெயின் வேறு, சுமையோடு வைக்கும் கெயின் வேறு. வழமையாக ஏற்றும் சுமையை ஏற்றிக்கொண்டு, காய்ந்த சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓடி, சில்லு இறுகும்வரை சிறிது சிறிதாக ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்க வேண்டும். பஜாரில் ஊர்வதென்றால் இன்னும் இறக்கிக்கொள்ளலாம், அதற்குத்தானே திருகி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது? உணரும் வகையிலும் ஊசல் வைத்த பழையவற்றைச் சாய்த்துப் பூட்டினால் அதுவும் இதே விக்கல்தான்.

பிரேக்குக்குத் தடித்த வயர் போடுங்கள். ஒரு காந்தம் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும், இரண்டு சில்லுக்கு 6. சிக்னல் பல்ப் 21 வாட், 2 ஆம்பியர்கூட இல்லை. அந்த வயரையே பிரேக்குக்கும் இழுத்தால் பாதி வழியிலேயே வோல்ட் விழுந்துவிடும். பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று கெயினை ஏற்றுவீர்கள்.

கல்லடித் தம்பிக்கு: ஏழு பின்னில் ஒன்று இடது சிக்னல். இரண்டு மூடுபனி விளக்கு, நம் ஊரில் அதற்கு வேலையில்லை. மூன்று எர்த், வெள்ளை வயர். நான்கு வலது சிக்னல், ஐந்து வலது பார்க் லைட், ஆறு பிரேக், ஏழு இடது பார்க் லைட். அமெரிக்க ட்ரெய்லரென்றால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள், அங்கே பிரேக்கும் சிக்னலும் பெரும்பாலும் ஒரே பல்பில்.

என் அனுபவம் கேட்டால், பிபிலைப் பக்கம் இறக்கத்தில் ஒரு முறை பிரேக் புகைந்தது. அவ்வளவுதான்.

வாழைச்சேனைப் படகுக்காரன்

ஐயா, இவ்வளவு எழுதினீர்கள், உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மின்காந்த பிரேக்கைக் கடலில் தோய்த்துப் பாருங்கள், அடுத்த போகத்துக்குள் காந்தம் துருக்கட்டி. படகுக்கு, ட்ரெய்லர் வாகனத்தைத் தள்ளும் விசையில் பிடிக்கும் ஹைட்ரோலிக் பிரேக்தான் சரி. அதற்கும் குணம் உண்டு: பின்னுக்குப் போகும்போது பிரேக்கைத் தடுக்கும் ரிவர்ஸ் பூட்டைப் போட மறந்துவிட்டு மேட்டில் பின்னுக்குத் தள்ளினால் தானே பிடித்துக்கொள்ளும், மாடு படுத்த மாதிரி.

எனக்கு நடந்தது வேறு. அவசரத்தில் ப்ளக்கைக் கழற்றாமல் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கினேன். பிரேக்கில் கால் வைத்தபடியே இறக்கியதால் பல்புகள் நல்ல சூடு. இடது பக்கம் 'டிக்', பிறகு வலது பக்கம் 'டிக்'. தண்ணீருக்கடியில் சிவப்பு வெளிச்சம் ஒரு கணம் பரவி அணைந்ததை என் மகன் அழகாக இருக்கிறதென்று கை தட்டினான்.

படுவான்கரையான்

ஏழு பின்னுக்கு இத்தனை சண்டை. எங்கள் லேண்ட்மாஸ்டர் கை ட்ராக்டர் பெட்டியில் ஒரு வயர்கூட இருந்ததில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முந்திய காலம். நெல் மூட்டைகளோடு, வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைக்கு வரிசையில் நிற்கிறோம், நன்றாக இருட்டிவிட்டது. அப்பா பெட்டியின் பின்னால் அரிக்கன் லாம்பு கட்டியிருந்தார். வாவிக் காற்றில் அது அணைந்ததை யாரும் பார்க்கவில்லை.

பின்னால் வந்த வான் மெல்லத்தான் வந்தது, ஆனாலும் முட்டிவிட்டது. சாக்குக் கிழிந்து, அதன் ஹெட்லைட் வெளிச்சத்தில் நெல் பொலபொலவென்று பொனட்டில் கொட்டியது. அப்பா சாரதியை ஏசவில்லை. லாம்பைக் கழற்றிக் காதருகே ஆட்டி, எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

கல்லடியான்

செங்கலடி ஐயா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு இன்று காலை ப்ளக்கைத் திறந்தேன். ஒன்று, நான்கு, ஆறு எல்லாவற்றிலும் பாஸ் முறுக்கிய தடம் தெரிகிறது. மூன்றாம் பின்னின் திருகாணித் தலையில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.