வளவுக் குடும்பம் – நீர்வேலி

திங்கட்கிழமை

காலை 6.48
ராசாத்தி மாமி: விடிய எங்கள் வாழைத் தோட்டத்துக்குள் நின்றது யாருடைய குதிரை என்று நான் கேட்கத் தேவையில்லை. இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது.
ராசாத்தி மாமி: (படம்)
ராசாத்தி மாமி: (படம்)
ராசாத்தி மாமி: மூன்று குலை. மூன்றும் கதலி.

காலை 6.55
மயூரன்: மாமி, மன்னித்துக்கொள்ளுங்கள். காசு தருகிறேன்.
ராசாத்தி மாமி: நான் காசு கேட்டேனா?
கௌரி அக்கா: ஐயோ, நிரோஷ் விழுந்தானா?
மயூரன்: இல்லை அக்கா. கடைசி வரைக்கும் மேலேதான் இருந்தான்.
நிரோஷ்: நான் வலப்பக்கம் இழுத்தேன். கழுத்து வலப்பக்கம் வந்தது. குதிரை நேரே போனது.
குகன் சித்தப்பா: தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற குதிரை.
கௌரி அக்கா: 😂😂
ராசாத்தி மாமி: சிரியுங்கோ. அந்தக் குலைகள் நிரோஷின் கல்யாண வாசலில் கட்ட என்று நான் வெட்டாமல் விட்டவை.
நிரோஷ்: 🙏

காலை 7.20
பாலா பெரியப்பா: இவனுக்கு மாப்பிள்ளையாகப் போகக் குதிரை எதற்கு? இவன் தகப்பன் மொறிஸ் மைனர் காரில்தான் மாப்பிள்ளையாகப் போனார். அது சொன்ன பக்கம் திரும்பியது.
குகன் சித்தப்பா: பாதி வழியில் இறங்கித் தள்ளியதையும் சொல்லுங்கோ அண்ணை.
கௌரி அக்கா: வீடியோக்காரர் கேட்டாராம். மேலே இருந்து ட்ரோனில் எடுக்க வடிவாக இருக்குமாம்.
குகன் சித்தப்பா: மாப்பிள்ளைத் தோழன் எங்கே இருப்பது? வாலிலா?
தவம் அண்ணை: கோயில் வேட்டைத் திருவிழாக் குதிரை வாகனத்தைக் கேட்டு எடுங்கோ. எந்தப் பக்கமும் திரும்பும்.
குகன் சித்தப்பா: தூக்குகிறவன் திருப்பினால்.
தவம் அண்ணை: இது நெடுந்தீவுக் காட்டுக் குதிரையா? அதுகளைப் பழக்க ஏலாதே.
மயூரன்: இல்லை அண்ணை. அதுகளைத் தீவை விட்டு வெளியே கொண்டுவர விடமாட்டார்கள். இது நுவரெலியாவில் இருந்து வந்தது. நாலு வயது.
தவம் அண்ணை: வெள்ளைக்காரன் விட்டுப்போன குதிரை என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்தது.
கௌரி அக்கா: போர்த்துக்கேயரா ஒல்லாந்தரா?
தவம் அண்ணை: இரண்டு பேரும்தான். யாரும் திருப்பிக் கேட்டு வரவில்லை.
ராசாத்தி மாமி: நெடுந்தீவுப் பக்கம் போகிறவர்கள் யாராவது குறிகட்டுவான் துறையில் நல்ல பனங்கிழங்கு ஒடியல் கண்டால் எனக்கு இரண்டு கிலோ.
கௌரி அக்கா: எனக்கும் மாமி.
தவம் அண்ணை: வியாழன் போகிறேன். மூன்று கிலோவுக்கு மேல் தூக்கமாட்டேன்.

மதியம் 12.14
வாணி: இப்போதுதான் எழும்பினேன். 63 செய்தி! நிரோஷ், கோபிக்காதே, பிழை குதிரையில் இல்லை. நான் இங்கே சனி ஞாயிறுகளில் லாயத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். முதலில் சாணி அள்ளத்தான் விட்டார்கள், இப்போது இளம் குதிரைகளையும் பார்க்க விடுகிறார்கள். நீ வலது கடிவாள வாரைப் பிடித்து இழுக்கிறாய். அது மரியாதைக்குக் கழுத்தை மட்டும் வளைத்துத் தருகிறது. பாரமெல்லாம் இடது தோளுக்குப் போய்விடுகிறது. தலை எங்கே பார்த்தாலும் தோள் போகிற பக்கம்தான் குதிரை போகும். வலது கையைப் பின்னுக்கு இழுக்காமல், படலையைத் திறக்கிற மாதிரி ஒரு சாண் வெளியே கொண்டுபோ. இடது வாரை முற்றாக விட்டுவிடாதே, அந்தத் தோளுக்கு அதுதான் வேலி. இடது காலால் வயிற்றில் மெல்ல ஒரு தொடுகை. உன் கண் குதிரையின் காதிலே இருக்கக் கூடாது, போகவேண்டிய இடத்தைப் பார். ஒரு அடி திரும்பினாலும் உடனே கையை இளக்கு. திரும்பின பிறகும் நீ இழுத்துக்கொண்டே இருந்தால் அது ஏன் திரும்ப வேண்டும்?
வாணி: இன்னொன்று. நாலு வயதில் பால்பல் விழுந்து முளைக்கும். முன்பல் மாறி முடிய ஐந்து வயதாகும். வாய் நோகும். சிலதுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னப் பல் ஒன்று இருக்கும். கடிவாள இரும்பு அதில் தட்டினால் தலையை உதறும். மிருக வைத்தியரிடம் வாயைக் காட்டினீர்களா?
குகன் சித்தப்பா: இதைப் புத்தகமாகப் போடலாம்.
கௌரி அக்கா: குரல் பதிவாக அனுப்பு பிள்ளை, சமைத்துக்கொண்டு நிற்கிறேன்.
நிரோஷ்: அக்கா, வாய் பார்க்கவில்லை. குதிகாலால் உதைக்கச் சொல்லி மயூரன் சொன்னான்.
மயூரன்: போகாவிட்டால்தான் சொன்னேன்.
வாணி: உதைத்துக்கொண்டு வாரையும் இழுத்தால், 'போ' என்றும் 'நில்' என்றும் ஒன்றாகச் சொல்வது. ஒரு தரத்துக்கு 20 நிமிஷம் போதும். வெயிலுக்கு முன்னம்.
தவம் அண்ணை: ஒரு துவரங்கம்பு எடுத்தால் எல்லாம் சரிவரும்.
பாலா பெரியப்பா: தவம், நீ மாடு வளர்த்திருக்கிறாயா? அடித்துப் பழக்கின மாடு ஓடும், கேட்காது.

மதியம் 12.40
பாலா பெரியப்பா: நாம்பனைப் பழக்கும்போது நாங்கள் முதல் நாளே வண்டிலில் பூட்டுவதில்லை. பின்னால் நடந்து, இரண்டு பக்கமும் நீளக் கயிறு பிடித்து, ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டு திரிவோம். அப்பா என்னை ஒரு மாதம் அப்படி நடக்க வைத்தவர். பிறகுதான் மாட்டுவண்டிச் சவாரி வெளிக்கே கொண்டுபோனது.
வாணி: பெரியப்பா! இங்கேயும் அதேதான்! இரண்டு நீள வார், பின்னால் ஆள், முதுகில் ஒருவரும் இல்லை. வாருக்குத் திரும்ப அது முதலில் அப்படித்தான் படிக்கும்.
பாலா பெரியப்பா: உன் அப்பாவுக்கும் தெரியும். கேட்டுப் பார். எங்கள் சவாரி மாட்டுச் சோடியை விற்ற காசில்தான் அவர் பிளேன் ஏறினவர்.
கௌரி அக்கா: பெரியப்பா...
ராசாத்தி மாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மதியம் 1.15
சிவா சித்தப்பா: அண்ணை, 40 வருஷம் ஆகிவிட்டது. காசு அனுப்பினேன்.
பாலா பெரியப்பா: காசு வந்தது. சோடி வரவில்லை.
குகன் சித்தப்பா: மயூரன், குதிரை சாப்பிட்டதா?
மயூரன்: நன்றாகச் சாப்பிடுகிறது. கொட்டில் பக்கம் போவதென்றால் இழுக்கவே தேவையில்லை.
வாணி: கொட்டில் எந்தப் பக்கம்?
மயூரன்: ராசாத்தி மாமியின் தோட்டத்துக்கு அந்தப் பக்கம்.
ராசாத்தி மாமி: ஓ.
வாணி: மயூரன், நுவரெலியாவில் அது என்ன வேலை செய்தது?
மயூரன்: சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நடக்கும்.
வாணி: அவர்களாகவே ஓட்டுவார்களா?
மயூரன்: இல்லை. ஒரு ஆள் முன்னால் கயிற்றைப் பிடித்து நடப்பார்.
வாணி: 🤦🏾‍♀️
வாணி: அது ஆளைப் பார்த்து நடந்து பழகின குதிரை. மேலே இருப்பவர் ஏதோ சொல்வார் என்பதே அதற்குத் தெரியாது. கல்யாணத்துக்கு இருக்கிற 13 நாளில் நிரோஷும் அதுவும் படித்து முடியாது. கல்யாணத்தன்று யாராவது கயிறு பிடித்து நடவுங்கள். நிரோஷ் சும்மா இருந்து சிரிக்கட்டும்.
நிரோஷ்: கயிறு பிடித்தால் வீடியோவில் தெரியும்.
குகன் சித்தப்பா: வாழைத் தோட்டத்துக்குள் போனாலும் தெரியும்.
கௌரி அக்கா: மேளம், வெடி எல்லாம் இருக்கிறதே. அது மிரளாதா?
வாணி: மிரளும். வெடி வேண்டாம். நாதஸ்வரத்தை இன்றைக்கே கொட்டிலில் மெதுவாகப் போட்டுப் பழக்குங்கள்.
தவம் அண்ணை: வெடி இல்லாமல் என்ன கல்யாணம்? சொல்லிவிட்டேன், வாங்கியும் விட்டேன்.

இரவு 8.05
நிரோஷ்: மதுராவிடம் கேட்டேன். குதிரை கட்டாயம் வேண்டுமாம். கயிறு என்றால் பட்டுக் கயிறாம்.
குகன் சித்தப்பா: பிடிக்கிறவருக்கும் பட்டா?
பாலா பெரியப்பா: விடிய ஐந்தரைக்குச் சவாரி வெளிக்குக் கொண்டுவா. சேணம் வேண்டாம். கிணற்றுக் கயிறு இரண்டு எடுத்துக்கொண்டு வா, மெல்லிசு வேண்டாம், கையை வெட்டும்.
நிரோஷ்: சரி பெரியப்பா. நானும் நடக்க வேண்டுமா?
பாலா பெரியப்பா: நீதான் நடக்க வேண்டும். நான் வரம்பில் இருப்பேன்.
சிவா சித்தப்பா: அண்ணை, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. நானும் பார்க்கிறேன்.
பாலா பெரியப்பா: 👍
ராசாத்தி மாமி: முதலில் வந்து என் வேலியை அடைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் நடவுங்கோ. அந்த மூன்று குலையையும் யார் எடுக்கிறீர்கள்? நாளைக்குள் புகை போட வேண்டும்.