இம்பாக்ட் ஃபீ தாளில் ‘ஹெல்த் அண்ட் சோஷியல் சர்வீஸஸ்’ என்று ஒரு வரி: கட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பின்கட்டு
கலிஃபோர்னியாவில் வீடு கட்டப் பெர்மிட் வாங்கிய எல்லோருக்கும் அந்தத் தாள் தெரியும். மற்றவர்களுக்கு: புது வீட்டால் கூடும் ரோடு, பார்க் மாதிரித் தேவைகளுக்கென்று உள்ளூர் நிர்வாகம் வாங்கும் கட்டணங்களின் பட்டியல் அது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2018இல் அம்மாவுக்காகக் கொல்லைப்புறத்தில் 720 சதுர அடியில் ஒரு வீடு கட்டினோம் (சின்ன வீடு என்று எழுதப் போனேன், வேண்டாம்). ரோடு, பார்க், லைப்ரரி, ஷெரீஃப் என்று வரிசையாகக் கட்டணம், அதற்கெல்லாம் கீழே இந்த வரி. மூன்று இலக்கம்தான், ரோட்டுக் காசுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. இது என்னத்துக்கு என்று கவுண்டரில் கேட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கும் கிளினிக் வேண்டுமே என்றார் அந்தப் பெண். அம்மா புதிதாக வரவில்லை, ஆறு வருஷமாக எங்களோடு அதே முகவரியில்தான் இருக்கிறார் என்றேன். சிரித்தார். கட்டிவிட்டேன்.

உறுத்துவது அது இல்லை. 2022இல் அம்மாவைத் தடுப்பூசிக்குக் கவுண்டி (இங்கே மாவட்டம் மாதிரி) கிளினிக்குக் கூட்டிப் போனேன். புதிதாகக் கட்டிய பகுதி, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பரிசோதனை அறைகள், விளக்கு எரிகிறது, உள்ளே ஆள் இல்லை. கட்டில்மேல் விரிக்கும் அந்தக் காகிதச் சுருள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. நாங்கள் இரண்டு மணி நேரம் வெளியே வரிசையில். கேட்டால், கட்டடத்துக்குப் பணம் வந்தது, நர்ஸுக்கு வரவில்லை என்று மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சொல்கிறார்கள். “உன் காசில் கட்டின ரூம்தானேடா, போய் உட்கார்ந்துகொள்ளட்டுமா?” என்றார் அம்மா. அந்த உறை பிரிக்காத சுருள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி?

சட்டம்பிள்ளை
ப்ரோ, 720 என்றால் நீங்கள் ஒரு சென்ட்கூடக் கட்டியிருக்க வேண்டாம். 750 சதுர அடிக்குக் குறைவான ஏடியூவுக்கு, அதாவது இந்த மாதிரித் துணை வீட்டுக்கு, இம்பாக்ட் ஃபீயே கிடையாது, அதற்கு மேல் போனால் பெரிய வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படிதான் வாங்கலாம். இனி கட்டப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கவுண்டரில் சண்டை போடாதீர்கள், பெர்மிட்தான் தள்ளிப்போகும். பணத்தை முழுசாகக் கட்டுங்கள், கூடவே ஆட்சேபத்தின் பேரில் கட்டுகிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். எந்தக் கட்டணம், ஏன் தப்பு என்று அதில் இருக்க வேண்டும். விதித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் கொடுக்காவிட்டால் கதை முடிந்தது. வழக்குக்கு 180 நாள். நகலில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். நானா? நான் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், மச்சான் கட்டியபோது கூடப் போனேன், அவ்வளவுதான்.

கணக்கப்பிள்ளை
சட்டம்பிள்ளை, அவர் 2018 என்கிறார். அந்த 750 விலக்கு 2020 ஜனவரி 1இல்தான் அமலுக்கு வந்தது. இரண்டு வருஷம் முந்திவிட்டார், அவ்வளவுதான்.

நான் இந்தக் கட்டணத்துக்குக் கணக்குப் போடும் வேலையில் சில வருஷம் இருந்தேன், நெக்ஸஸ் ஸ்டடி என்பார்கள். 1978இல் ப்ரொபோசிஷன் 13 வந்து சொத்து வரியை ஒரு சதவீதத்தில் கட்டிப்போட்டதும் உள்ளூர் நிர்வாகங்கள் பணத்துக்கு வேறு வழி தேட ஆரம்பித்தன. கட்டணம் கண்டபடி ஏறியது. அப்புறம்தான் 1987இல் மிட்டிகேஷன் ஃபீ ஆக்ட், எங்கள் வாயில் ஏபி 1600. இன்ன கட்டணம், இன்ன கட்டடம், புது வீட்டுக்கும் அதற்கும் இன்ன சம்பந்தம் என்று காட்டியாக வேண்டும். சம்பளம், பராமரிப்பு இதற்கெல்லாம் தொடக்கூடாது. உங்கள் காசில் சுவர் வரலாம், நர்ஸ் வர முடியாது. அந்தச் சுருள் ஏன் பிரிக்கப்படவில்லை என்பதற்குப் பதில் அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. கணக்கு இப்படிப் போகும்: இன்றைக்குத் தலைக்கு இத்தனை சதுர அடி கிளினிக் இருக்கிறது, நாளைக்கு வருகிறவர்களுக்கும் அதே அளவு வேண்டும், அதற்கு எவ்வளவு செலவு? இன்றைக்கே போதாமல் நெரிசலாக இருந்தால் அந்தப் பற்றாக்குறையைப் புதிதாக வருகிறவர் தலையில் கட்டக்கூடாது, அதைக் கவுண்டி தன் பொது நிதியிலிருந்து சரிசெய்துகொள்ள வேண்டும். நியாயம்தான். ஆனால் பொது நிதியில் பணம் இருந்தால் நெரிசலே வந்திருக்காதே. ஒரு பொது விசாரணையில் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு அம்மா மைக் முன்னால் வந்து நின்றார். “இதைக் கட்டினால் நான் நிற்கிற வரிசை குறையுமா?” ஒரே கேள்வி. போர்டில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். என்னிடம் நாற்பது பக்க அறிக்கை இருந்தது. வரிசை இதைவிட நீளமாகாது என்றுதான் சொல்ல முடிந்தது. தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டைப்பானை
கணக்கப்பிள்ளை சார், நியாயம்தான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். இங்கேயே எல் டொராடோ கவுண்டியில் ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவரிடம் ஒரு மேனுஃபாக்சர்ட் வீடு (ஃபாக்டரியில் செய்து கொண்டுவருவது) வைக்க 23,420 டாலர் ரோட்டுக் கட்டணம் கேட்டார்கள். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய் 2024 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். உங்கள் அறிக்கை எல்லாம் இனி செல்லாது. நாங்கள் கராஜை அறையாக மாற்றப் போனபோது கொடுத்த பட்டியலைப் பார்த்துவிட்டு மாற்றவே இல்லை, கார் இன்னும் அங்கேதான் தூங்குகிறது.

கணக்கப்பிள்ளை
தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசுங்கள் சார். கட்டணத்தைச் சட்டமாக இயற்றிவிட்டோம், அதனால் எங்களை யாரும் கேட்கக்கூடாது என்ற வாதத்தைத்தான் தள்ளினார்கள். அந்தக் கட்டணம் தப்பென்று சொல்லவில்லை, கீழ்க்கோர்ட்டே பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். சம்பந்தமும் வேண்டும், அளவும் பொருந்த வேண்டும் என்பது அதே கோர்ட்டின் 1987, 1994 தீர்ப்புகளிலிருந்தே இருக்கிறது. அப்புறம், இருக்கிற கராஜை மாற்றுவதற்கு என்னென்ன கேட்டார்கள் என்று பட்டியலைப் போடுங்கள், பாதி இம்பாக்ட் ஃபீயாகவே இருக்காது, தண்ணீர் இணைப்பு, பிளான் செக் (வரைபடத்தைச் சரிபார்க்கிற கட்டணம்) என்று இருக்கும்.

விற்றுவிட்டுப் போனவள்
நீங்கள் இருவரும் சண்டையை முடியுங்கள், என் கதையைச் சொல்கிறேன். கட்டணம் கட்டினோம், வீடு கட்டினோம், ஏழாவது வருஷம் வேலை மாறி விற்றுவிட்டுப் போனோம். செலவழிக்காமல் கிடக்கும் பணத்தை எதற்கு வைத்திருக்கிறோம் என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கட்டணம் வாங்கியவர்கள் எழுதிக் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் திருப்பித் தர வேண்டும். சான் கிளெமென்டி என்கிற ஊரில் கடற்கரை பார்க்கிங்குக்கு வாங்கிய பணம் ஒரு கோடி டாலருக்கு மேல், 2015இல் கோர்ட் அப்படித்தான் திருப்பச் சொன்னது. எங்களிடம் வாங்கியதும் திரும்பி வந்தது. ஆனால் எங்களுக்கு இல்லை! வீட்டை வாங்கியவர் செக்கைப் படம்பிடித்து அனுப்பி, இது என்ன பணம், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார். விசாரித்தால், அன்றைய தேதியில் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகுமாம். நல்ல மனுஷர், பாதி தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேட்கிறார்.

சட்டம்பிள்ளை
அக்கா, விற்பனை ஒப்பந்தத்தில் ரீஃபண்ட் வந்தால் விற்றவருக்கு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

விற்றுவிட்டுப் போனவள்
இப்போது சொல்லுங்கள்.

கோப்புக்காரி
எல்லோரும் கட்டியவர்களாகவே இருக்கிறீர்கள், நான் அந்தச் சுவருக்குள் உட்கார்ந்தவள். கவுண்டி சோஷியல் சர்வீஸஸ் அலுவலகத்தில் பதினோரு வருஷம், மெடி-கால் (ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு), கால்ஃபிரெஷ் (உணவு உதவி) விண்ணப்பம் பார்க்கிற வேலை. பழைய கட்டடத்தில் எங்களுக்கு அறை கிடையாது, இடுப்பு உயரத் தடுப்புதான். இந்தப் பக்கம் ஒருவர் சம்பளச் சீட்டைத் தேடிக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் ஒரு பெண் புருஷன் அடித்ததைச் சொல்லிக்கொண்டிருப்பாள், நடுவில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும். மெஷின் நின்றால் அவளும் பேச்சை நிறுத்திவிடுவாள். நானே எழுந்துபோய் வெறும் தாளை வைத்து ஓடவிட்டிருக்கிறேன்.

புதுக் கட்டடத்துக்கு மாறினோம், அதில் இந்தக் கட்டணத்தின் பங்கும் உண்டு, மீதி கடன் பத்திரம். ஆள் கூடவில்லை, அதே பத்துப் பேர்தான், கோப்பு அதே அளவுதான். கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்னபடி வரிசையும் குறையவில்லை. ஆனால் பேட்டி எடுக்க ஆறு அறை, ஆறுக்கும் கதவு. முதல் நாள் வந்த பெண் உட்காரவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, இதைச் சாத்தலாமா என்று கேட்டாள். சாத்துங்கள் என்றேன். சாத்திவிட்டு, சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள்.

பின்கட்டு
அக்கா, உங்களுடையதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அதெல்லாம் சரி, நம் கிளினிக்கில் நர்ஸ் வந்துவிட்டாரா என்று கேள்” என்கிறார்.