கல்லை உடைத்தும் இறங்கவில்லை: பில்ஹார்சியா வந்துபோனவரின் எக்ஸ்ரே

வளைகுடாவில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வெயிலில் சிறுநீர்க் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எகிப்து, சூடான் கிராமங்களிலிருந்து வரும் வயதானவர்களுக்குக் கல்லோடு பில்ஹார்சியா என்ற புழு நோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நைல் டெல்டா விவசாயி ஒருவர், மகனைப் பார்க்க வந்த இடத்தில் வலது விலாவில் வலி என்று வந்தார். வேறோர் இடத்தில் அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைத்திருந்தார்கள். துகள்கள் இறங்கவே இல்லை. படம் எடுத்தேன். சிறுநீர்ப்பையின் ஓரம் முழுக்க, பென்சிலால் வரைந்த மாதிரி வெள்ளைக் கோடு. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி எடுத்தால் அந்தக் கோடும் சுருங்கியிருந்தது. பெரிய கல்லாக இருந்தால் அப்படிச் சுருங்காது. பையின் சுவரே சுண்ணாம்பு படிந்து கிடந்தது. வலது சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியிலும் அதே கோடுகள், அதற்கு மேலே துகள்கள் தேங்கி நின்றன.

"சின்ன வயதில் சிறுநீரில் ரத்தம் போனதா, ஹாஜ்?" என்று கேட்டேன்.

"எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் போகும். வாய்க்காலில்தானே கிடப்போம்" என்றார்.

பில்ஹார்சியா. 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் கண்டுபிடித்த புழு. வாய்க்கால் நத்தையிலிருந்து வரும் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போகிறது. வளர்ந்தபின் சிறுநீர்ப்பையைச் சுற்றிய ரத்தக் குழாய்களில் தங்கி முட்டையிடுகிறது. சுவரில் சிக்கிய முட்டைகளால் தழும்பு உண்டாகி, சிறுநீர்க்குழாய் குறுகிவிடும். சிறுநீர் தேங்கும், கிருமி சேரும், கல் உருவாகும். பிராசிகுவான்டல் மாத்திரை புழுவைக் கொன்றுவிடும். பழைய தழும்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வழி குறுகியிருக்கும்போது கல்லை உடைத்து மட்டும் என்ன பயன்?

அவர் முழங்கை மடிப்பையும் காட்டினார், பையனாக வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்ட இடம். அது இதே நோய்க்கு அப்போது கொடுத்த ஆண்டிமனி மருந்து. 1980களின் தொடக்கம் வரை எகிப்தில் போட்டார்கள். ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி பரவியது. அறுவைக்கு முன் சோதித்ததில் இவருக்கும் அது இருந்தது. நல்லெண்ணத்தோடு தொடங்கிய திட்டம் இப்படி ஆனதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். சிறுநீரக மருத்துவர் குறுகிய இடத்தை பலூனால் விரித்து, துகள்களை எடுத்து, ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தார். இந்த நோய் சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடும் என்பதால் சதைத்துணுக்கும் சோதனைக்குப் போனது. புற்று இல்லை என்று முடிவு வந்தபோது மகன் அழுதுவிட்டார்.

நம் ஆட்களும் தான்சானியா, மலாவி, சூடான் என்று வேலைக்குப் போகிறார்கள். மலாவி ஏரியில் குளித்தவர்களுக்கும் இது வரலாம். அங்கே ஆற்றிலோ ஏரியிலோ இறங்கியிருந்தால், கல் என்று போகும்போது மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் காலை 10 முதல் மதியம் 2 மணிக்குள் பிடித்த சிறுநீரைக் கொடுங்கள். அந்த நேரத்தில்தான் முட்டைகள் அதிகம் வெளியேறும்.