ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டைடெல்லுரைடு: ஓரத்தில் ஓடுவது டோப்பாலஜியா, வெறும் அழுக்கா?

நாலுமுனை:
"100 கெல்வினிலும் வேலை செய்யும் டோப்பாலஜிகல் இன்சுலேட்டர்" (உள்ளே கடத்தாமல் ஓரத்தில் மட்டும் மின்சாரம் கடத்தும் பொருள்) என்று ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டைடெல்லுரைடைக் கொண்டாடுகிறார்கள். 2018 எம்.ஐ.டி. அளவீட்டை நிதானமாகப் பாருங்கள். ஓரம் ஒன்றுக்கு 25.8 கிலோ ஓம் என்ற குவாண்டம் மதிப்பு கிடைத்தது சுமார் 100 நானோமீட்டருக்குள் அடங்கும் சானலில் (மின்சாரம் ஓடும் பாதையில்) மட்டும்தான். நீளம் கூடினால் மின்தடையும் ஏறுகிறது. டோப்பாலஜி ஓரத்தில் பின்சிதறலே (எலக்ட்ரான் மோதித் திரும்பி ஓடுவது) கிடையாது என்றால் ஏன் ஏற வேண்டும்? ஓரத்தில் ஏறிய ஆக்ஸைடும் விடுபட்ட டெல்லூரியமுமே ஒரு பாதை போட்டுக் கொடுக்கும். இண்டியம் ஆர்சனைடு–காலியம் ஆன்டிமொனைடு அடுக்குகளில் டோப்பாலஜி இல்லாத நிலையிலும் ஓரக் கடத்தல் வந்ததை 2016இலேயே காட்டிவிட்டார்கள்.

தாழ்வெப்பம்:
அழுக்குதான் காரணம் என்றால் இரட்டை அடுக்கின் ஓரம் ஏன் கடத்தவில்லை? அதே படிகம், அதே வேதியியல். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 2017 அளவீட்டில் ஒற்றை அடுக்கின் ஓரம் மட்டும்தான் கடத்தியது.

நீளத்தைப் பற்றி: ஓரத்தைக் காக்கும் நேரத் தலைகீழ்ச் சமச்சீர் (காலத்தைத் திருப்பினாலும் விதிகள் மாறாத தன்மை) தடுப்பது காந்தத்தன்மை இல்லாத மாசுகளால் வரும், ஆற்றல் மாறாத பின்சிதறலை மட்டுமே. ஓரத்தை ஒட்டி மின்னூட்டக் குட்டைகள் (எலக்ட்ரான்கள் தேங்கி நிற்கும் சிறு இடங்கள்) இருந்தால் எலக்ட்ரான் உள்ளே புகுந்து, ஆற்றலை மாற்றிக்கொண்டு, திசை திரும்பி வெளியே வரலாம். 2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பாதரச டெல்லுரைடு கருவிகளும் 1 மைக்ரோமீட்டரில் சரியான மதிப்பைத் தந்தன, 20 மைக்ரோமீட்டரில் தரவில்லை. அதை யாரும் அழுக்கு என்று தள்ளவில்லையே.

நாலுமுனை:
இரட்டை அடுக்கு வாதம் வலுவானதுதான். ஆனால் 100 நானோமீட்டர் சானலில் தொடுமுனைத் தடை (உலோகமும் தாளும் சேரும் இடத்தின் தடை) எவ்வளவு, ஓரத்தின் தடை எவ்வளவு என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்?

ஓட்டுநாடா:
அதற்குத்தான் இரண்டு கேட் (மின்னழுத்தத்தால் தாளின் கடத்தலைக் கட்டுப்படுத்தும் மின்முனை). அடியிலுள்ள கிராஃபைட் கேட் தாளை முழுவதும் கடத்தும் நிலையில் வைத்திருக்கும். குறுகிய லோக்கல் கேட், தனக்கு நேர்கீழே உள்ள துண்டை மட்டும் காப்பானாக்கும். தடை எவ்வளவு குதிக்கிறது என்று பாருங்கள். தொடுமுனைத் தடை கழன்றுவிடும். இரண்டு ஓரங்களும் இணையாக இருந்தால் குதிப்பு 25.8இல் பாதி, அதாவது 12.9 கிலோ ஓம் பக்கம் வர வேண்டும்.

கருவி கெடுவது பெரும்பாலும் அளப்பதற்கு முன்பே, செய்யும்போதுதான். ஒற்றை அடுக்கு காற்றில் சில நிமிடங்களில் கெட்டுவிடும். ஆக்ஸிஜனும் ஈரமும் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே உள்ள குளோவ்பாக்ஸில் (கையுறை வழியே வேலை செய்யும் மூடிய பெட்டி) தான் உரிப்பது, அடுக்குவது எல்லாம். தாளை மேலும் கீழும் மூடும் காப்பான் போரான் நைட்ரைடு. பிளாட்டினம் தொடுமுனைகளைக் கீழ் போரான் நைட்ரைடின் மேல் முன்கூட்டியே போட்டு, மிச்சமிருக்கும் ரெசிஸ்டை (வடிவம் வரையப் பூசிய பாலிமர்) ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) ஊசியால் பெருக்கித் தள்ளுங்கள். உலோகத்தின் தடிமன் 10 நானோமீட்டரைத் தாண்டினால் மேல்தாள் அந்தப் படியில் கூடாரம் போல் நிற்கும். அங்கேதான் குமிழி, அங்கேதான் விரிசல். அடுக்குகளைத் தூக்கி வைக்க உதவும் பாலிகார்பனேட் படலத்தை 170–180 டிகிரி செல்சியஸில் விடுவித்து, அடுக்கு முழுக்க மூடிய பிறகே வெளியே எடுத்துக் குளோரோஃபார்மில் கரையுங்கள்.

நாலுமுனை:
விரிசல் என்று நீங்களே சொன்னீர்கள். 2019 மைக்ரோவேவ் இம்பீடன்ஸ் படங்களில் (எந்த இடம் கடத்துகிறது என்று நுண்ணலையால் எடுக்கும் படம்) தாளின் உள்விரிசல்களும் ஓரம் போலவே பளிச்சென்று கடத்துகின்றன. அப்படியானால் உங்கள் கேட்டுக்கு அடியில் ஓரங்கள் இரண்டுதான் என்று எப்படித் தெரியும்? 12.9 வந்தாலே சரி என்றாகாது.

தாழ்வெப்பம்:
சரி, தடையின் மதிப்பை நம்ப வேண்டாம். காந்தப்புலத்தைச் சுழற்றுங்கள். ஓர எலக்ட்ரான்களின் ஸ்பின் (எலக்ட்ரானின் உள்ளார்ந்த காந்தத் திசை) அச்சு, தாளின் செங்குத்திலிருந்து சுமார் 40 டிகிரி சாய்ந்திருப்பது 2021இல் அளக்கப்பட்டது. புலம் அந்த அச்சோடு சேர்ந்தால் கடத்தல் பெரிதாகக் குறையாது, விலகினால் விழும். ஆக்ஸைடுக்கு எந்தத் திசையும் தெரியாது.

நாலுமுனை:
ஒரே தாளில் நான்கைந்து லோக்கல் கேட், 60 முதல் 900 நானோமீட்டர் வரை, ஒவ்வொன்றிலும் அந்தக் கோணச் சுழற்சி. அந்த வரைபடத்தைப் போடுங்கள், பேசலாம்.