வெள்ளத்துக்கு முன்னேற்பாடு: கோயில் மண்டபத்தில் 200 பேருக்குச் சமைக்க என்ன, எவ்வளவு வேண்டும்?

லாபிஸ்வாசி:
வணக்கம். மலேசியாவில் ஜொகூர் மாநிலம், லாபிஸ் பக்கம் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. கோயில் மண்டபம் மேட்டில் இருக்கிறது. ஆற்றோரமாய்க் கீழ் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) 40 வீடு, அதை ஒட்டி வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி. 2023 மார்ச்சில் ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்களே, எங்கள் சிகாமட் வட்டாரமும் அதில் அடக்கம். இந்தத் தடவை பருவமழை தொடங்குமுன்பே தயாராக நினைக்கிறோம். பாதை மூடிக்கொண்டால் மூன்று நாளைக்கு மதியச் சாப்பாடு எங்கள் கையில்தான். பெரிய அடுப்பு இரண்டு, பெரிய பானை மூன்று இருக்கின்றன. என்ன வாங்குவது, யார் யாருக்கு என்ன தேவை என்பதை எப்படிக் குறித்து வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரியகரண்டி:
ஒரு வேளைக்கு 200 பொட்டலம் என்றால் 25 கிலோ அரிசி. மொத்தத்தையும் ஒரே பானையில் போடாதீர்கள், அடி கருகும், மேலே வேகாது. பானைக்கு 8 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். வீட்டு அளவில் ஒன்றுக்கு ஒன்றரை ஊற்றிப் பழகியவர்கள் பெரிய பானையிலும் அதையே ஊற்றிக் குழைத்துவிடுவார்கள். பெரிய பானையில் ஆவியாகிப் போவது குறைவு. வடிக்கும் முறை வேண்டாம், வெள்ளத்தில் நல்ல தண்ணீர்தான் முதலில் தீரும். தண்ணீர் வற்றியதும் பானைக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வைத்துச் சிறுதீயில் விடுங்கள். அடி பிடித்த வாசம் வந்தால் கிளறாமல் மேல்சோற்றை மட்டும் எடுங்கள். கிளறினால் பானை முழுக்க அந்த வாசம்தான்.

சாம்பாருக்கு மைசூர் பருப்பு 4 கிலோ, உருளை, கேரட், முட்டைக்கோஸ் சேர்த்து 12 கிலோ. துவரம்பருப்பு வேக நேரம் ஆகும், அந்த கேஸ் இன்னொரு பானைக்கு உதவும். தேங்காய்ப்பால் சேர்த்த கறி வேண்டவே வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும்.

கேஸ் 14 கிலோ தோம்பு (சிலிண்டர்). பெரிய அடுப்பு வேகமாய் இழுப்பதால் தோம்பின் வெளியே பனி பூத்து, தீ சிறுத்துவிடும். காலியாகிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். அது காலியில்லை, குளிர்ந்து போயிருக்கிறது. வேறு தோம்புக்கு மாற்றிவிட்டு இதைச் சும்மா வையுங்கள், சரியாகும். சுடுநீர் ஊற்றுவது, தீப்பக்கம் நகர்த்துவது கூடவே கூடாது. அடுப்புக்கு இரண்டாக நான்கு தோம்பு கையில் இருக்கட்டும்.

இனி ஆளைக் கெடுக்கிற இடம். கொதிக்கிற சோற்றைப் பழுப்புத் தாளில் உடனே இறுக்கி மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கினால் உள்ளே வேர்த்து, இரண்டு மணி நேரத்தில் நூல் விடும். பெரிய தட்டில் பரப்பிக் கொஞ்சம் ஆவி போனபின் கட்டுங்கள். சாம்பாரைத் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். சமைத்த நேரத்தை மார்க்கர் பேனாவால் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். படகு தாமதமாகி நேரம் தாண்டினால் மனசு கேட்காவிட்டாலும் கொட்டத்தான் வேண்டும். நிவாரண மையத்தில் நாற்பது பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கழிப்பறை இரண்டுதான் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

மருந்துப்பெட்டி:
பானையைவிட முக்கியம் பட்டியல். பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு. வீட்டு எண், எத்தனை பேர், இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தை, படுத்த படுக்கையானவர், இன்சுலின், டயாலிசிஸ், அவ்வளவு போதும். தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூன்று பிரதி வையுங்கள். மின்சாரம் நின்று கைப்பேசிக் கோபுரமும் படுத்தால் வாட்ஸ்அப் குழுவால் பயனில்லை.

டயாலிசிஸ் செய்பவர்கள் வாரம் மூன்று தடவை போக வேண்டியவர்கள். மழை பிடித்தவுடனே அவர்களை டயாலிசிஸ் மையம் இருக்கும் ஊரில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள், தண்ணீர் ஏறும்வரை காத்திருக்காதீர்கள். ஒருநாள் டயாலிசிஸ் விட்டுப்போனால் அவர்களுக்கு வாழைப்பழம், இளநீர் கொடுத்துவிடக் கூடாது. பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும். அன்பாய்க் கொண்டுவருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்சுலினை ஐஸ் மேல் நேராய் வைத்தால் உறைந்து கெடும். துணி சுற்றி வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும்.

2021-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது உதவி வேண்டியவர்கள் வீட்டில் வெள்ளைக்கொடி கட்டினார்களே, அந்த வழக்கத்தை லயத்திலும் வைத்துக்கொள்ளலாம். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கொடி கட்டிவிடுவார்கள்.

லாபிஸ்வாசி:
நன்றி அண்ணே, அக்கா. இரண்டு சந்தேகம். விடுதியில் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள், கோயில் சாப்பாட்டை வாங்குவார்களா? பணத்தை எப்படித் திரட்டுவது?

பெரியகரண்டி:
சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பலர் வாங்கிக்கொள்வார்கள். தயங்குகிறவர்களை வற்புறுத்தாமல் அரிசி, முட்டை, பருப்பு, எண்ணெய் எனப் பச்சையாகவே கொடுங்கள், அவர்களே சமைத்துக்கொள்ளட்டும். விடுதியைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். முறையான குடிநுழைவு ஆவணம் இல்லாதவர்கள் பயந்துகொண்டு நிவாரண மையத்துக்கே போகமாட்டார்கள், தண்ணீரில் கடைசிவரை இருப்பது அவர்கள்தான்.

கணக்குப்புத்தகம்:
பணம் பற்றி நான் சொல்கிறேன். வீடு வீடாகவோ தெருவிலோ திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், போலீஸ் நிலையத்தில் முன்னதாகவே கேளுங்கள். தனியாள் வங்கிக் கணக்கில் வாங்க வேண்டாம். செலவுச் சீட்டை அன்றன்றே படமெடுத்துக் குழுவில் போடுங்கள். எல்லாம் முடிந்தபின் போடலாம் என்றால் சந்தேகம் முந்திக்கொள்ளும்.

இன்னொன்று: உறவுக்காரர் வீட்டுக்குப் போனவர்களும் நிவாரண மையத்தில் பெயர் பதியட்டும். அரசாங்கம் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தரும் 1,000 வெள்ளி (ரிங்கிட்) வாங் இசான் உதவித்தொகைக்குப் பதிவில் பெயர் இல்லாவிட்டால் பிறகு இழுபறிதான். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரிகிற மாதிரி, வீட்டு எண்ணோடு படம் எடுத்தபின்தான் கழுவ வேண்டும்.

மருந்துப்பெட்டி:
கழுவும்போது முதலில் சேற்றை முழுக்க வாருங்கள். சேற்றின்மேல் குளோராக்ஸ் (கிருமி கொல்லும் பிளீச்) ஊற்றினால் சேறே அதைத் தின்றுவிடும், கிருமி சாகாது. பிறகு 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் குளோராக்ஸ். கழிப்பறை ஆசிட்டோடு கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். பூட்ஸ், கையுறை கட்டாயம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியே உள்ளே போனாலே போதும், எலிக்காய்ச்சல் வரலாம். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் கிளினிக்கில் "வெள்ளத் தண்ணீரில் நின்றேன்" என்று முதல் வார்த்தையாய்ச் சொல்லச் சொல்லுங்கள்.