வெளி ஆய்வகத்திலிருந்து வந்த ஈ ஸ்டாக்கில் வெள்ளையாக ஏதோ ஊர்கிறது

கேள்வி: சிறகுத்தட்டு

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து 12 டிரோசோபிலா (பழ ஈ) ஸ்டாக், அதாவது தனித்தனி மரபு வம்சங்கள், தபாலில் வந்திருக்கின்றன, ஸ்டாக்குக்கு ஒரே ஒரு குழாய். மூன்றில் உணவு இளகி, ஈக்கள் ஒட்டிச் செத்துக் கிடக்கின்றன. இரண்டில் குழாய்ச் சுவரில் ரவை மாதிரி வெள்ளையாக நகர்கிறது. பெரும்பாலும் சிவைஓ, டிஎம்3, டிஎம்6பி பாலன்சர் (மியூட்டேஷன் தொலையாமல் காக்கும், கண்ணுக்குத் தெரியும் குறியுள்ள குரோமோசோம்) ஸ்டாக்குகள். பொது 18 டிகிரி அறையில் வைக்கலாமா? அனுப்பியவர்களிடம் இதைச் சொன்னால் தப்பாக நினைப்பார்களா?

பதில் 1: கூட்டுப்புழு

வைக்கவே வைக்காதீர்கள். நகர்வது மைட், அதாவது நுண்ணிய உண்ணி. பஞ்சு தளர்வாக இருந்தால் பக்கத்துக் குழாய்க்கே நடந்து போய்விடும், சில இனங்கள் ஈ முட்டையையும் தின்னும். 12 குழாய்களையும் வேறு அறையில், சோப்புத் தண்ணீர் சூழ்ந்த தட்டில் வையுங்கள். அவற்றை நாளின் கடைசி வேலையாகத் தொடுங்கள். பிரஷ்ஷையும் ஈக்களை மயக்கும் கார்பன் டை ஆக்சைடு பேடையும் 70 சதவீத எத்தனாலில் துடையுங்கள்.

லேசான தொற்று என்றால் ஈக்களை ஐந்தாறு நாள் தினமும் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். பழைய குழாய்களை ஃப்ரீசரில் போட்டோ ஆட்டோகிளேவ் செய்தோ தூக்கி எறியுங்கள். மைக்ரோஸ்கோப்பில் ஈயின் அடிவயிற்றைப் பாருங்கள். அங்கே வெளிர்ப் புள்ளிகள் ஒட்டியிருந்தால், ஈயை மாற்றும்போது மைட்டும் கூடவே போகிறது என்று அர்த்தம்.

அப்போது முட்டையைக் கழுவுவதுதான் வழி. ஆப்பிள் ஜூஸ் அகார் தட்டில் கொஞ்சம் ஈஸ்ட் பேஸ்ட் தடவி, ஓர் இரவு முட்டையிட விடுங்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ப்ளீச்சில் 2 நிமிடம் வைத்து, வாடை போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். முட்டையின் வெளி ஓடான கோரியான் கரையும், உள்ளே இருக்கும் வைட்டலைன் சவ்வு கருவைக் காக்கும். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள்: திறந்து நாளான ப்ளீச் வீரியம் இழந்திருக்கும். முட்டையின் முனையில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இழைகளும் மறைந்தால் போதும், அதற்கு மேல் விட்டால் கரு சாகும். கோரியான் இல்லாத முட்டை சீக்கிரம் காய்ந்துவிடும், உடனே ஈரமான உணவில் வையுங்கள்.

எதுவும் கண்ணில் படாத குழாய்களுக்கும் குறைந்தது இரண்டு தலைமுறை தனிமை வேண்டும்.

பதில் 2: வளைசிறகு

ஈ செத்த மூன்று குழாய்களையும் எறிந்துவிடாதீர்கள். உள்ளே புழு இருக்கும். மடித்த ஃபில்டர் பேப்பர் ஒரு துண்டைச் செருகி, குழாயைப் படுக்க வைத்து 25 டிகிரியில் விடுங்கள். ஈரத்தைத் தாள் உறிஞ்சும், புழு அதில் ஏறிக் கூடு கட்டும். முட்டையிலிருந்து ஈ வர அந்த வெப்பத்தில் சுமார் 10 நாள், ஆகவே இரண்டு வாரம் பொறுங்கள்.

ஸ்டாக் சரிதானா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சிவைஓவின் வளைந்த சிறகு 18 டிகிரியில் சரியாகத் தெரியாது, நேரான சிறகு என்று ஏமாந்து போவீர்கள். 25 டிகிரியில் ஒரு தலைமுறை வளர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் நேர்ச்சிறகு ஈ வந்தால், ஹோமோசைகஸாக (இரண்டு பிரதியிலும்) இருந்தால் சாக வேண்டிய மியூட்டேஷன் ஸ்டாக்கில் அது இருக்கவே கூடாது. வேறு ஈ கலந்திருக்கும், இல்லை மியூட்டேஷனே போயிருக்கும். டிஎம்6பியில் டியூபி குறி இருந்தால் ஈயை மயக்க வேண்டியதே இல்லை, சுவரில் குட்டையாகக் குண்டாக இருக்கும் கூடுகளே சொல்லிவிடும். டிஎம்3 எல்லாவற்றிலும் குட்டை மயிர் இருக்காது, சிலவற்றில் சிறகு விளிம்பின் வெட்டுதான் குறி. லேபிளை முழுசாகப் படியுங்கள்.

பதில் 3: ஈயறை

அனுப்பியவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதே தட்டிலிருந்து வேறு நாலு ஆய்வகங்களுக்கும் போயிருக்கலாம், அவர்கள் அறையிலும் பரவிக்கொண்டிருக்கலாம். ஸ்டாக் பட்டியலையும் செய்முறைக் குறிப்புகளையும் எல்லாருக்கும் பகிர 1934இலேயே டிரோசோபிலா இன்ஃபர்மேஷன் சர்வீஸ் தொடங்கிய சமூகம் இது. நல்லதைக் கேட்டு வாங்குகிற உரிமை போலவே குறையைச் சொல்கிற கடமையும் இதில் உண்டு. எந்தக் குழாய், என்ன அடையாளம், ஒரு படம்: மூன்று வரி போதும்.

நீங்கள் அனுப்பும்போது ஸ்டாக்குக்கு இரண்டு குழாய் வையுங்கள். உணவை ஒரு நாள் ஆறவிட்டு, மேலே நீர் நிற்காமல் இறுக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈக்களை எடுத்துவிட்டு இளம் புழுக்களோடு அனுப்பினால் ஒட்டிச் சாவது பெரிதும் குறையும். கட்டுரை எழுதும்போது ஈ ஸ்டாக்குகளைச் சேமித்து வழங்கும் புளூமிங்டன் ஸ்டாக் மையத்தின் எண்ணை ஆர்ஆர்ஐடியோடு (ஆய்வுப் பொருளுக்கான நிரந்தர அடையாள எண்) செய்முறைப் பகுதியிலேயே போடுங்கள். “இன்னாரிடமிருந்து பெற்றது” என்று மட்டும் எழுதினால், ஐந்து வருடம் கழித்து அதே ஸ்டாக்கைத் தேடுகிற மாணவருக்கு அது எங்கே கிடைக்கும் என்று தெரியாது.

சிறகுத்தட்டு

நன்றி. 12 குழாய்களும் தனி அறைக்குப் போய்விட்டன, அனுப்பியவர்களுக்குப் படத்தோடு எழுதியாயிற்று. நாளை அகார் தட்டு ஊற்றுகிறேன்.