புதுப்பிப்பு: எச்.ஐ.வி. மாத்திரையோடு எதிர்ப்புச் சக்தி ஊசியும் போட்டால்?

முன்பு நான் கேட்டிருந்தது இதுதான்: வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளோடு, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 மருந்தையும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா? "சிடி4 (எச்.ஐ.வி. தாக்கும் எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை) ஏறுமே, நல்லதுதானே" என்று பலர் சொன்னீர்கள். ஏறத்தான் செய்தது.

இதைச் சோதித்த எஸ்பிரிட், சில்காட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. இரண்டிலுமாக 5,800 பேர் போல. ஒரு சுற்று என்றால் தோலுக்கடியில் தினம் இரண்டு ஊசி, ஐந்து நாளைக்கு. எட்டு வாரம் கழித்து மறுபடியும். ஊசி போட்ட நாட்களில் காய்ச்சல், உடம்புவலி, அசதி எல்லாம் வரும். சும்மா போட்டுக்கொள்கிற ஊசி இல்லை இது. எஸ்பிரிட்டில் ஊசி போட்டவர்களுக்கு சிடி4 சராசரியாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 160 செல் அளவுக்குக் கூடுதலாக இருந்தது. ஆனால் சந்தர்ப்பவாதத் தொற்றுகளும் (எதிர்ப்புச் சக்தி குறைந்த நேரம் பார்த்துத் தாக்குபவை) குறையவில்லை, மரணமும் குறையவில்லை. கடுமையான பக்கவிளைவுகள்தான் அதிகம்.

ஏன் இப்படி? பெருகிய செல்கள் தொற்றோடு மல்லுக்கட்டும் தரத்தில் இல்லாமல் இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இப்போது கவனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது: செல்லுக்குள் உறங்கும் வைரஸை எழுப்பி அழிப்பது. இன்டர்லூக்கின்-15 வகை மருந்துகளை இதற்காகச் சோதிக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை.

அப்புறம், சிடி4 மெதுவாக ஏறுகிறதே என்று கவலைப்பட்டவருக்கு: வைரஸ் அளவு அடங்கியிருந்தால், மாத்திரையை விடாமல் தொடருங்கள், மீதியை உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.